ஒரே மாலையோடு முடிந்துவிடும் நாடகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியசில் பண்பாட்டு அமைச்சு நடத்தும் தேசிய நாடக விழாவின் தமிழ்ப் போட்டியில் பல ஆண்டுகளாக நடித்து வருகிறேன். பகலில் எனக்குக் கட்டட வேலை, ஒத்திகை மாலையில்தான்.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் வீட்டில் இத்தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்தவர்கள் என்பதால், வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறோம். அவ்வெழுத்தில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றே. என் முதல் நாடகத்தில், மகனிடம் "எனக்கு ஒரு வழி சொல்லப்பா" என்று தந்தை கெஞ்சும் இடத்தில் நான் 'வலி' என்றே சொல்லி வந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒவ்வொரு மாலையும் என் எதிரே அமர்ந்து, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டித் திருத்தினார். அந்த ஒரு சொல்லுக்காகவே நாற்பது வயதுக்குமேல் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன்.

இப்படி நான்கு மாதம் உழைத்து உருவாக்கும் நாடகம், வாக்வாவிலுள்ள செர்ஜ் கான்ஸ்டன்டின் அரங்கில் நடுவர்கள் முன்னும் உறவினர் முன்னும் ஒருமுறை நடிக்கப்படுகிறது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால் இன்னொரு முறை, அவ்வளவுதான். 1822-இல் திறக்கப்பட்ட போர்ட் லூயிஸ் அரங்கும் 1933-இல் திறக்கப்பட்ட ரோஸ் ஹில் பிளாசா அரங்கும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததால், வேறு பெரிய மேடையும் எங்களுக்கு வாய்க்கவில்லை. கிராமத்துப் பெரியவர்கள் நாடகம் பார்க்க வரத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் முடிந்து வீடு திரும்பப் பேருந்து இருக்காது.

ஒருமுறை தென்பகுதிக் கோயில் ஒன்றின் மண்டபத்துக்கு அழைத்தார்கள். திரை இல்லை, ஒலிவாங்கி ஒன்றுதான். தந்தை கெஞ்சும் அதே இடத்தில், முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் "நான் சொல்றேன் அப்பா" என்று உரக்கப் பதில் சொன்னார். எந்தப் பரிசளிப்பிலும் எனக்கு அப்படிக் கண் கலங்கியதில்லை.

ஆகவே, கோயில் சங்கங்கள் தங்கள் மண்டபங்களை மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் நாடகத்துக்குத் தர வேண்டும் எனத் தங்கள் இதழ் வாயிலாக வேண்டுகிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாள்கள் இதற்கு ஏற்றவையல்ல. இங்கு ஆண்டின் நடுவில் வரும் குளிர் மாதங்கள் நல்லவை. போட்டியில் தோற்ற நாடகங்களையும் அழைக்க வேண்டும். கட்டணம் வேண்டாம், வண்டிச் செலவு மட்டும் போதும். எங்கள் மேடைப் பொருள்கள் அனைத்தும் இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
நாடக நடிகர் ஒருவர்,
ரோஸ் ஹில்