ஃபோலியோ செய்து தரப்படாது

மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு,

வணக்கம். நகலெடுக்கும் கடை வைத்துப் பிழைப்பவள் நான். ஃபோலியோ என்பது பிள்ளையே தேடி எழுத வேண்டிய இடுபணித் தொகுப்பு. முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பேராக் ஆற்றைப் பற்றிய ஒரே புவியியல் ஃபோலியோவைப் போன ஆண்டு 11 பிள்ளைகளுக்கு அச்சிட்டுக் கொடுத்தேன். அட்டையும் பெயரும் மட்டும் வேறு. ஒன்றுக்கு 15 வெள்ளி. வாங்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாக்கள். ஒரு பிள்ளைகூடக் கடைப்படி ஏறவில்லை. ஆனால் புள்ளி ஆளுக்கு ஒரு விதமாக வந்ததாம். அந்த மர்மம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போனது, படிவம் மூன்றின் பிடி3 தேர்வு 2022இல் போனது. அப்போது படிவம் ஐந்தின் எஸ்பிஎம் வரும்வரை அரசாங்கத் தேர்வே இல்லை என்றானது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றிலோ அதற்கு முந்தைய ஓராண்டுப் புகுமுக வகுப்பிலோ மலாய்ப் பாடநூல்களுக்கு நடுவே போய் விழுகிறது. பயந்த தாய் டியூஷனுக்கும் அனுப்புகிறாள், இடுபணியையும் முடித்துத் தருகிறாள். பிள்ளை தேட வேண்டியதை என் கடை தேடிக் கொடுத்தது.

பிறகு ஒருநாள் செம்பனைத் தோட்டத்திலிருந்து படிவம் இரண்டு மாணவி ஒருத்தி தனியாக வந்தாள். பென்சிலில் தானே வரைந்த பிளஸ் ஆற்றின் வரைபடத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். பழைய வெள்ளம் எந்த வீட்டின் எத்தனையாவது படிவரை ஏறியது என்று தாத்தாவைக் கேட்டுக் குறித்திருந்தாள். மலாயில் பிழைகள் என் கண்ணிலேயே பட்டன. திருத்தித் தரட்டுமா என்றேன். "வேண்டாம் அக்கா, அகராதி இருக்கிறது" என்றாள். காசு வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் கேட்பது இதுதான். ஆசிரியர்களோடு பேசி, இடுபணிகளை இந்த ஊருக்குள்ளேயே வையுங்கள். இணையத்தில் இல்லாததை என்னாலும் அச்சிட முடியாது. டிங்கிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் தேங்கிய தண்ணீரை வாரந்தோறும் கொட்டச் சொல்கிறார்கள். ஒரு தாமானுக்கு (குடியிருப்புக்கு) நான்கு பிள்ளைகள், ஒரு நோட்டு, ஞாயிறு காலை. எந்த வீட்டுத் தொட்டியில் புழு, அடுத்த வாரம் குறைந்ததா, குறையாவிட்டால் ஏன்? அறிவியல், கணக்கு, மலாய் மூன்றும் அந்த நோட்டுக்குள் வந்துவிடும். (கோயில் பின்கட்டில் கவிழ்க்காமல் கிடக்கும் பாத்திரங்களிலிருந்து தொடங்கலாம். நிர்வாகத்தார் கோபித்தால் கோபிக்கட்டும்.) அறிக்கையை நகராண்மைக் கழகத்தில் பிள்ளைகளே கொடுக்கட்டும். நாம் வாசலில் நிற்போம்.

பதின்மூன்று வயதில் என்ன தெரியும் என்பீர்கள். பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கிய நம் பாட்டன்மார் பலர் கைநாட்டு. அவர்களுக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

கடை வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டேன்: "ஃபோலியோ செய்து தரப்படாது. மாணவர் நேரில் வந்தால் நகலுக்குப் பாதி விலை." இரண்டு அம்மாக்கள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களும் வரும் அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள்.

இப்படிக்கு,
நகல் கடைக்காரி