நம்ம தெர்மல் கேமரா பத்தி கஸ்டமர்ஸுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி கடையிலேருந்து எழுதுறேன். வாடகைக்கு விடுற, உடம்பு சூட்டை படமா காட்டுற பெரிய கேமராவுல சூட்டை புடிக்கிற ஒரிஜினல் சிப்பை உருவிட்டு டூப்ளிகேட் போட்டுட்டோம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் குரூப் குரூப்பா சுத்துது. மிஸ்டுல, அதான் பனிமூட்டத்துல, 30 அடி தள்ளி நின்ன காட்டெருமை தெரியலையாம். கேட்டதுலேருந்து எனக்கு தூக்கமே இல்லீங்க.

அந்த சிப்பு மிக்ஸி மோட்டார் மாதிரி மாத்துற சாமானே இல்ல. காலியம் ஆர்சனைடுங்கிற செமிகண்டக்டர் ஒரு அடுக்கு, அலுமினியம் கலந்தது ஒரு அடுக்குன்னு 50 தடவை கிட்ட மாத்தி மாத்தி வளக்குறாங்க, ஒல்லி அடுக்கு வெறும் 4, 5 நானோமீட்டர் தான், அதுக்குள்ள எலக்ட்ரான் கிணத்துல விழுந்த மாதிரி கிடக்கும், சூட்டு ஒளி பட்டா மேல ஏறி கரண்டா ஓடும். அதான் குவான்டம் வெல். அடுக்கோட தடிமனை மாத்தினா புடிக்கிற அலையும் மாறும், உடம்பு சூட்டுக்கு 9, 10 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்) பக்கம். 2013ல மேல போன லேண்ட்சாட் 8 சாட்டிலைட்டுல கூட இந்த வகை தான் இருக்கு. சிப்பு ஃப்ளாஸ்க் மாதிரி ஒரு வேக்குவம் குடுவைக்குள்ள மைனஸ் 200 டிகிரி பக்கம் உக்காந்திருக்கு, நான் அதை பிரிச்சேன்னா கேமராவே போச்சு, அப்புறம் எதை மாத்த?

மிஸ்டுல ஏன் தெரியலன்னா, அதுல மிதக்குற தண்ணி துளியும் கிட்டத்தட்ட அந்த அலை சைஸு தான், சூட்டை வழியிலேயே முழுங்கி சிதறடிச்சிடும். ஜீப் கண்ணாடிய ஏத்திட்டு உள்ளேருந்து பாத்தாலும் தெரியாது. இதை கேமரா குடுக்கும்போதே சொல்லிருக்கணும், சொல்லாதது எங்க தப்பு, மன்னிச்சிடுங்க.

சந்தேகம் இருந்தா கடைக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு அண்ணன் கோவமா தான் வந்தார், சுவத்துல கைய வச்சு எடுக்கச் சொன்னேன், அஞ்சு விரலும் ஸ்கிரீன்ல வெள்ளையா நின்னு மெதுவா மறைஞ்சுது, பாத்துட்டு ஒண்ணும் பேசாம டீ வாங்கிக் குடுத்துட்டு போனார்.

மெசேஜை நம்பாம நேரா போன் பண்ணி கேட்ட ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அண்ணனுங்க, எஸ்டேட் வாட்ச்மேனுங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, உங்கள மறக்க மாட்டேன்.

சிப்பை குளிர வைக்கிற கூலரை பாத்துக்கிட்ட தம்பி கோயம்புத்தூர் போயிட்டான், அதனால சர்வீஸை வெளிய தான் குடுக்கணும், செவ்வா, புதன் கேமரா கிடைக்காது. அடுத்த மாசத்துலேருந்து ஒரு ராத்திரி வாடகை 1,500 இல்ல, 2,100.