பென்சிலுக்கும் தடையா? நீதிமன்ற நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீதிமன்ற நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கோர்ட் ஹாலில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: விசாரணையைப் பார்க்க வருகிறவர் பென்சிலால் வரையலாமா கூடாதா என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

நான் புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தவன். செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். பாகப்பிரிவினை வழக்கு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூண்டில் நின்ற வயதான அம்மாவை வரைந்துகொண்டிருந்தேன். குறுக்கு விசாரணை நீள நீள அவர் உடம்பு கம்பியின் மேல் சாய்ந்துகொண்டே போனது, அந்தச் சாய்வைத்தான் பிடிக்கப் பார்த்தேன். காவலர் வந்து நோட்டைப் பிடுங்கினார். எந்த விதி என்று கேட்டதற்கு "மேல சொல்லியிருக்காங்க" என்றார். மேலே என்றால் மாடியா, டெல்லியா தெரியவில்லை. மதிய இடைவேளை வரை வராந்தாவில் நிற்க வைத்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பா, பெரிய மார்க்கெட் மீன்காரம்மா, எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசியில் அந்த வயதான அம்மாவை வரைந்த பக்கத்தை என் கையாலேயே கிழிக்கச் சொன்னார்கள். பிடுங்கியதைவிட அதுதான் வலித்தது.

அதே நேரம் போர்ட்டிகோவில், வேறு வழக்கில் அழைத்துவந்த ஒரு பையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓட, கேமராக்காரர்கள் துரத்தினார்கள். யாரும் தடுக்கவில்லை. சாயங்காலச் செய்தியில் அந்தத் துண்டு வந்தது, உள்ளே யார் என்ன வாதாடினார் என்பது வரவில்லை.

கேமரா கூடாது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அமெரிக்காவில் 1935-ல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திய வழக்கில் கேமராக்காரர்கள் செய்த அமர்க்களத்துக்குப் பிறகுதான் பல கோர்ட்டுகளில் கேமராவை வெளியே தள்ளினார்கள். ஓவியர்கள் உள்ளேயே இருந்தார்கள். காரணம் இருக்கிறது. ஷட்டர் விழும் கணத்தில் எதிரே யார் இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணோ சின்னப் பிள்ளையோ, கேமரா பிடித்துவிடும். வரைகிறவன் அந்த முகத்தை விட்டுவிடலாம், ஒரு மணி நேர விசாரணையை ஒரே தாளில் கொண்டுவரலாம். முகஜாடை தப்பும், ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிராடியை நியூயார்க் கோர்ட்டில் வரைந்த படத்தை உலகமே கிண்டல் செய்தது. அதற்காக ஓவியரை வராந்தாவில் நிற்க வைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1925 சட்டப்படி உள்ளே வரையவே கூடாது, பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு வெளியே வந்துதான் வரைய வேண்டும். கடுமைதான், ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கேயோ 1922-ல், அகமதாபாத்தில் காந்தி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, குஜராத் ஓவியர் ரவிசங்கர் ராவல் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார், அதுவும் வெள்ளைக்கார நீதிபதி முன்னால். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வையே நேரலையில் காட்டுகிறது. நம்மூரில் மட்டும் 2பி பென்சில் ஆபத்தான ஆயுதம்.

துப்பாதே, சத்தம் போடாதே, செல்போன் கூடாது என்று சுவர் முழுக்க ஒட்டத் தெரிந்த உங்களுக்கு இந்த ஒரு வரிக்கு இடமில்லையா? கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எந்தப் பலகையும் சொல்வதில்லை, வாய்தாவுக்கு வாய்தா கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு உட்கார நிழலும் கிடையாது. சரி, அதற்கு வேறு மடல் எழுதுகிறேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற (போக்சோ) வழக்குகளுக்குள் வரமாட்டோம், பாதிக்கப்பட்டவர் முகத்தை வரையமாட்டோம், நீதிபதி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம் என்று எழுதியே தருகிறோம். வரையலாமா கூடாதா, கூடாது என்றால் எந்த விதிப்படி என்பதை, தயவுசெய்து கோடை விடுமுறைக்கு முன்பாக எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதுச்சேரி ஓவியன் ஒருவன்