நாலு டயரையும் அளந்து பில்லில் எழுதுங்கள்

சர்வீஸ் சென்டர் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. தாளவாடியிலிருந்து எழுதுகிறேன். என் வண்டி 19 நாளாக உங்களிடம் நிற்கிறது. எந்த வண்டி என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கொடுத்த எஸ்டிமேட் என் கையில் இருக்கிறது. இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸும், அதைப் பின் வீல்களோடு சேர்க்கிற பின்பக்கக் கப்ளிங்கும் மாற்ற வேண்டும், டயர்கள் ஒரே அளவில் இல்லாததால் வாரண்டியில் வராது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒற்றை டயரை மாட்டியது உங்கள் ஆட்கள்தானுங்க.

சித்திரையில் திம்பம் மலை ரோட்டில் கல் பட்டு ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம்தான் வந்தேன். மற்ற மூன்றும் 42,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தவை. புதிதாக ஒன்றை மாட்டி, பில் போட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பினீர்கள். நாலு வீலுக்கும் இன்ஜின் சக்தி போகிற ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு இப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. புது டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் வரியின் உயரம், 8 மில்லிமீட்டர் இருந்தது, பழசில் 4. அந்த 4 மில்லிமீட்டர் சுற்றளவில் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றும். முன் வீலும் பின் வீலும் இப்படி வேறு வேறு கணக்கில் சுற்றும்போது, இரண்டையும் சேர்க்கிற அந்தக் கப்ளிங் நேர் ரோட்டில்கூட ஓயாமல் வழுக்கி வழுக்கிச் சூடேறும். ஆயில் கருகும், பிளேட் தேயும். வித்தியாசம் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று பல கம்பெனிகள் கையேட்டிலேயே போட்டிருக்கின்றன. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஜீப்பை ஓட்டுகிற பையனுக்கே, தார் ரோட்டில் நாலு வீல் லீவரைப் போட்டு ஓட்டினால் உள்ளே முறுக்கிக்கொண்டு பல் போகும் என்று தெரியும். உங்கள் பயிற்சி பெற்ற ஆட்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

வைகாசியிலேயே வண்டி காட்டிக் கொடுத்தது. களத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி திக்கித் திக்கி வந்தது. கொண்டுவந்து காட்டினேன். டயர் சத்தம் என்று சொல்லி அலைன்மென்ட் பார்த்து அனுப்பினீர்கள்.

அடுத்த மாதம் அம்மாவை டயாலிசிஸுக்குக் கோயமுத்தூர் கூட்டிப்போகிற நாள். திம்பத்தில் பாதி வளைவுகூட இறங்கியிருக்க மாட்டோம், அடியில் மடார் என்று ஒரு சத்தம். கருகின வாசனை. வண்டி நகரவில்லை. போனில் டவர் இல்லை. அம்மாவுக்கு ஏற்கனவே கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ‘எப்பச் சாமி போவோம்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கவும் பயம், அவர்களுக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒன்றே கால் மணி நேரம் அந்த வளைவில் உட்கார்ந்திருந்தோம். முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கிய ஒரு பிக்கப்காரர் தன் கிளீனரை லோடு மேல் ஏற்றிவிட்டு, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துச் சத்தியமங்கலத்தில் சேர்த்தார். அங்கிருந்து வாடகைக் கார். அன்றைய முறை தவறி, மறுநாள்தான் மெஷினில் போட்டார்கள். அந்த ராத்திரி முழுக்க அம்மா படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நீங்கள் அனுப்பிய மீட்பு வண்டி என்ன செய்தது தெரியுங்களா? முன் வீலைத் தூக்கிக் கட்டி, பின் வீல் ரோட்டில் உருள, மலையிலிருந்து கோயமுத்தூர் வரை இழுத்துக்கொண்டு வந்தது. இந்த வகை வண்டியை நாலு வீலும் தரையில் படாமல் மேடை லாரியில்தான் ஏற்ற வேண்டும். மிச்சம் இருந்ததும் அந்த வழியிலேயே போயிருக்கும்.

டயரில்தான் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவர் எனக்குத் தெரிந்த கோபிப் பட்டறைக்காரர். உங்கள் இடத்துக்கே வந்து, தையல்காரர் டேப்பால் நாலு டயரையும் சுற்றி அளந்தார். ‘ஏனுங்கண்ணா, ஒண்ணு மட்டும் புதுசுங்களா?’ என்றார். ஆயில் பிளக்கைக் கழற்றச் சொன்னார். காந்த முனையில் வெள்ளி மாதிரி இரும்புத் தூள் அப்பியிருந்தது. பத்து நிமிட வேலை. கூலி வாங்கவில்லை.

விளம்பரத்தில் சேற்றையும் ஆற்றையும் தாண்டிப் பாய்கிற வண்டியைக் காட்டி எங்களைப் போன்ற மலைக்காரர்களிடம்தான் விற்கிறீர்கள். மழைக்காலத்தில் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறினால், இடது வலது வீலுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிப்ரன்ஷியல் பெட்டி சூடாக இருந்து சட்டென்று ஆறி, அதன் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும், உடனே பார்க்க வேண்டும் என்று விற்கும்போது சொன்னீர்களா? ‘அந்த ஆயில் வண்டியின் ஆயுசு வரைக்கும் வரும்’ என்றார் உங்கள் விற்பனைப் பையன். ஏறி இறங்கியே ஓடுகிற மலை வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும்? கையேடு முழுக்க இங்கிலீஷ். எங்கள் மலையில் அதை வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்?

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லைங்க. டயர் மாற்ற வருகிற ஒவ்வொரு ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் நாலு டயரையும் அளந்து, அந்த அளவைப் பில்லில் எழுதுங்கள். வித்தியாசம் அதிகம் இருந்தால் மாட்டுவதற்கு முன்பே தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் டிரான்ஸ்பர் கேஸ், டிப்ரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்த்து, பார்த்ததை எழுதுங்கள். மலைக்கு அனுப்பினால் மேடை லாரியை அனுப்புங்கள்.

என் வண்டியைப் பொறுத்தவரை, ஒற்றை டயருக்கு நீங்கள் போட்ட பில்லின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன். தேதியும் கிலோமீட்டரும் உங்கள் முத்திரையும் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு எஸ்டிமேட்டை மாற்றி எழுதித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் கொடுங்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் வாடகைக் கார் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தாளவாடி மலை விவசாயி ஒருவர்