அப்பாவும் இடுப்பளவு தண்ணீரும்

எங்கள் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பாசனப் பிரிவுப் பொறியாளருக்கும் வணக்கம். சுடுகாட்டுக்குப் போக எங்கள் வாய்க்காலில் ஒரு பாலம் கேட்டு எழுதுகிறேன்.

2025 ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் அப்பா இறந்துபோனார். வயது 81. வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் அணையைத் திறந்தார்கள். எங்களுக்குக் குறுவை போச்சு. வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12ஆம் தேதியின் காலண்டர் தாளை அதுவரைக்கும் கிழிக்க விடவில்லை மனுஷன்.

நீடாமங்கலம் போனால் பால்திரட்டு வாங்கி வருவார். வீட்டில் ஆறு பேர், ஏழு பங்கு போடுவார். ஏழாவது, மதகு ஷட்டர் பார்க்கும் லஸ்கருக்கு. லஞ்சம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

2025இல் ஜூன் 12க்கே திறந்தார்கள். அந்த மாசக் கடைசியில் அணை 120 அடியும் நிரம்பியது. எங்கள் வாய்க்காலில் இடுப்பளவு ஓட்டம். கடைசியாக அப்பா கேட்டதும், "எவ்வளவு போவுது?" என்றுதான்.

சுடுகாடு அக்கரையில் இருக்கிறது. பாலம் கிடையாது. பாடையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் இறங்கினார்கள். நடுவாய்க்காலில் ஒருவருக்குக் கால் சேற்றில் புதைந்து பாடை ஒரு பக்கம் சாய்ந்தது; மாலை ஒன்று நழுவி ஓட்டத்தோடு போய்விட்டது. கொள்ளிச்சட்டி நனையாமல் நான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டோம். பெண்கள் அங்கிருந்தே பார்த்தார்கள்.

பாலம் கேட்டு அப்பாவே கிராம சபையில் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன கணக்கையே எழுதுகிறேன். பாடையோடு இரண்டு பக்கமும் ஆள் நடக்க ஆறடி அகலம் போதும். நடுவில் தூண் வைக்காதீர்கள், ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிறையப் போகும்போதும் அடியில் தட்டாத உயரம் வேண்டும். அப்புறம், கோடையில் அளக்க வந்துவிட்டு வாய்க்கால் சின்னதுதானே என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஆடியில் வந்து பாருங்கள்.

அம்மாவுக்கு 76 வயது ஆகிறது. ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவார்கள் என்பது அம்மாவுக்கும் மனப்பாடம். "வாய்க்கா காஞ்சப்புறம் பாத்துப் போறேன்டா" என்கிறார்.