கண்ணனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

பெரியப்பா பையன் உன் அறையில் எடுத்த படத்தை அனுப்பினான். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாய். ஜன்னலோரம் மட்டும் காலியாக இருந்தது. சாக்ஸபோன் பெட்டியை வேறெங்காவது வைத்திருப்பாய்.

"எல்லோரும் வாசித்துத் தீர்த்த பாட்டு, இதில் எனக்கென்ன மிச்சம்?" என்று போன தடவை கேட்டாயே, அது மனதிலேயே நிற்கிறது. 'பாடி அண்ட் சோல்' என்ற அந்த ஜாஸ் பாட்டு நீ வாசித்துத்தான் எனக்குத் தெரியும். அப்புறம் மற்றவர்கள் வாசித்ததையும் தேடித் தேடிக் கேட்டேன்.

ஜானி கிரீன் மெட்டமைத்தது 1930இல். அந்த வருடமே லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்தார். 1935இல் பென்னி குட்மேன். ஆக, ஐந்து வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்த சாக்ஸபோன்காரர் கோல்மேன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் நியூயார்க்கில் அதைக் கையில் எடுத்தபோதே அது பழைய பாட்டுதான். தொடக்கத்தில் மெட்டைக் கொஞ்சம் தொட்டுக் காட்டுகிறார். மீதி அத்தனையும் அவருடைய கற்பனை. இரண்டே சுற்று, மூன்று நிமிடம். அந்த இசைத்தட்டை ஜனங்கள் விரும்பி வாங்கினார்களே! இனி மிச்சமில்லை என்று அவர் நினைத்திருந்தால்?

அடுத்த வருடம் பில்லி ஹாலிடே பாடினார். 1960இல் இன்னொரு சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் பாட்டின் நடுப்பகுதியின் போக்கையே மாற்றிவிட்டார். சுருதி அரைப்படி ஏறி, அப்புறம் இறங்குமே, அந்த இடம்தான். நீ அங்கே அவசரப்படவே மாட்டாய். அந்த நிதானத்தை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை.

2011 மார்ச்சில் பாடகி ஏமி வைன்ஹவுஸ், மூத்த பாடகர் டோனி பென்னட்டோடு லண்டனில் இதைப் பாடியிருக்கிறாள். தன் குரல்மேலேயே நம்பிக்கையில்லாமல் தவித்தவளை அந்த 84 வயது மனிதர் பொறுமையாகத் தேற்றிப் பாட வைத்தார். ஜூலையில் அவள் போய்விட்டாள். வயது 27. உன் வயதுதான் கண்ணா. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நல்லா இருக்கேன் என்று ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு தூரம் தனியாகப் போய்ப் படித்த பிள்ளைக்கு அது முடியாதா? வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

பணம் முடையாக இருந்தால் முதலில் என்னிடம் சொல். என்னைக் கேட்காமல் எதையும் விற்றுவிடாதே. பாட்டி வளையல் என்னிடம்தான் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அம்மா