எழுந்த பிறகும் ஏன் மருத்துவமனை?

வான்கூவர்,
மார்ச் 9.

அன்புள்ள கதிரேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். சர்ரேயில் படிக்கும் உன் தங்கை மகன் போதைமருந்தின் பிடியை முறிக்கும் நாலொக்சோன் ஊசி போடக் கற்றுக்கொண்டான் என்று எழுதியிருந்தாய், மிகவும் மகிழ்ந்தேன். போதைமருந்து அளவு மீறி மயங்கியவர் அந்த ஊசியால் எழுந்துவிட்டால், பிறகு மருத்துவமனை எதற்கு என்று கேட்டிருந்தாய். சென்ற வாரம் இரவுப்பணியில் ஓர் இளைஞரிடம் நான் மன்றாடியதும் இதைப் பற்றியே.

ஃபென்டனில் என்ற போதைமருந்து மூச்சின் தாளத்தை நடத்தும் மூளைத்தண்டை அடக்குகிறது. அது ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ளது என்பதால், சில நிமிடங்களிலேயே உதடுகள் நீலம் பாரித்துவிடும். நாலொக்சோன் அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும் என்பதால், உடலில் மிச்சமிருக்கும் போதைமருந்து மீண்டும் மூச்சை அடக்கக்கூடும்.

அந்த இளைஞர் எழுந்து, தெளிவாகப் பேசி, வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். விரலில் மாட்டிய கருவியோ இரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான் என்று குறைவாகக் காட்டியது. அருகில் அமர்ந்து கெஞ்சி நிறுத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தது. இதயக் கோளாறால் வந்ததல்ல அது. மூச்சு நின்றிருந்தபோது ஆக்சிஜன் இல்லாமல் நலிந்த நுண் இரத்தக்குழாய்கள் கசிந்து, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்திருந்தது. அடைபட்ட தொண்டையோடு மூச்சை இழுக்கப் போராடுவதும், திடீரென விழிக்கும்போது உடலில் பொங்கும் அட்ரினலினும் இதை மோசமாக்கும். ஆனாலும் நாலொக்சோனைப் பழிப்பது நியாயமல்ல: அது புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1880இல், மாண்ட்ரியலில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர், ஃபென்டனிலின் இனத்தைச் சேர்ந்த மார்ஃபினால் இறந்த ஒருவரின் நுரையீரலில் இதே நீரைக் கண்டு எழுதியிருக்கிறார்.

அந்த இளைஞர் செயற்கை மூச்சுக் கருவியான வெண்டிலேட்டரில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு அன்று நான் அழுதேன் கதிரேசா. முன்பொரு முறை இப்படி எழுந்து நடந்துபோனவரை நான் தடுக்கவில்லை. அவர் என்னவானார் என்று இன்றுவரை தெரியாது.

மருமகனிடம் இதைச் சொல். ஊசி போட்ட பிறகும் மூச்சு மந்தமாக இருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு சீரானதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி புரையேறி நிமோனியாவில் முடியும். எழுந்து பேசினாலும் அவசர உதவி எண் 911ஐ அழைக்காமல் விடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை மருமகன் அவர் அருகிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மணிமாறன்